யார் முதலில் ‘குடிங்க’ என்பது

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ‘நிலத்தை விட்டுக்கொடுத்தால் இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் நடுவே நிலையான அமைதி வருமா?’ என்று தலைப்பெழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு நேராக வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

‘விட்டுக்கொடுப்பது’ என்ற சொல்தான் கையைப் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் இதைப் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் சொல்கிறோம். சொல்கிறவர் எதையும் விடுவதுமில்லை, கொடுப்பதுமில்லை. பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. விடுவது ஒன்று, கொடுப்பது ஒன்று. சினாய் பாலைவனத்தை இஸ்ரேல் விட்டது, எதிரே எகிப்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டது. முகம் பார்த்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி அந்த அமைதி இன்றுவரை ஓடுகிறது. காசாவை விட்டார்கள், யாரிடமும் கொடுக்கவில்லை. விட்டதற்கு ராக்கெட்தான் கிடைத்தது என்பார்கள் இந்தப் பக்கம். வெளியே போய்க் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதற்குப் பெயர் விடுவதா என்பார்கள் அந்தப் பக்கம். ஆகவே, நிலத்தைப் பொறுத்தவரை

[இந்த ‘ஆகவே’யைத் தாண்டினால் நானும் நிபுணனாகிவிடுவேன். நிறுத்திவிட்டேன்.]

கட்டுரை போய்க் கதை வந்தது. அதன் விதை ஒரு கோப்பை காபி. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒரு புகைப்படக்காரப் பெண். அவளும் பாதி நேரம் வாசலில் நின்று விளக்கை மாட்டிக்கொண்டிருந்தாளாம். மீதியை நான் இட்டுக் கட்டினேன். இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்து அந்த நாட்டில் எல்லைக்கோடே போட்டிருக்கிறார்கள்.

[தொடக்கம் அ: வசந்தத்தின் இளவெயில் அந்த மலைகளின் மீது — எந்த மலைகள்? ஒரே இடத்தைச் சமாரியா என்றால் ஒரு கட்சி, மேற்குக் கரை என்றால் இன்னொரு கட்சி. வெயில் பாவம், காத்திருக்கிறது.]

[தொடக்கம் ஆ: அமைதி என்பது — இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் அங்கே இரண்டாவது பத்திக்குப் போனதில்லை.]

2

மார்செல் துவேக், தன் வாயிற்கதவில் யாரோ சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போயிருந்த ‘துரோகி’யில் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடக்கம் நிற்கும்.

ஊரில் ஒரே பள்ளிக்கூடம். அதில் எபிரேயம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் மார்செல். எழுதியவன் எவனாக இருந்தாலும் தன்னிடம் படித்தவன் என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். “திட்டுறது உன் இஷ்டம். ஒழுங்கா எழுதித் திட்டு” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவினாள்.

ஊர் பெயர் ஸ்தே ரிம்மோன். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில் தெரிவது கஃபர் லவ்ஸ், பாலஸ்தீன கிராமம். இரண்டையும் வரைபடத்தில் தேடாதீர்கள். பெயர் நான் வைத்தது. வரைபடத்தை உற்றுப் பார்க்கும் நோயில் அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள்.

அவள் ஏன் துரோகி? டெல் அவிவில் ‘நாளைய எல்லைகள் நிறுவனம்’ என்று ஒன்று. அதன் தலைவர் டாக்டர் யோராம் ஃபெல்டுக்கு அமைதி என்பது நில விகிதத்தில் தசமப்புள்ளிக்கு வலப்பக்கம் வரும் இரண்டு இலக்கம். அவர் ஒரு நிலமாற்றுத் திட்டம் தயாரித்திருந்தார். கஃபர் லவ்ஸுக்கு மேலே உள்ள குன்றில் யூதக் குடியேற்றம் ஒன்று வந்துவிட்டது. அதைக் கிளப்ப முடியாது. ஆகவே குன்று இஸ்ரேலுக்கு. பதிலுக்கு அதே அளவு நிலம் இஸ்ரேலிலிருந்து பாலஸ்தீனத்துக்கு. அந்த அளவுக்குள் மார்செலின் அவகாடோ தோப்பு அடங்கியது. வீடும் அடங்கியது. பணம் கொடுத்த வெளிநாட்டார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துக்கு ஒருவராக, அங்கே வசிக்கிற இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்து வாங்கிய திட்டம் கோடையில் நிஜப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும். இது இரண்டாயிரத்து எட்டு, வசந்தம். அப்போது அப்படி ஒரு மேசை இருந்தது.

மார்செல் கையெழுத்திடச் சம்மதித்தாள். தோப்பு அவள் கணவன் சாஸோன் வைத்தது. சாஸோன் இல்லை, மரங்கள் இருக்கின்றன.*

(* நிலம் அவளுக்குச் சொந்தமில்லை, அரசுக் குத்தகை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாலும் அங்கே வசிப்பவர்களுக்குப் போகாது, அவர்களுடைய அரசுக்குப் போகும். கொடுப்பவளுடையதும் அல்ல, வாங்குபவருக்கும் அல்ல. நடுவில் இருவருக்கும் கையெழுத்து மட்டும்.)

எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளா? வீட்டைத் தூக்கிக் கொடுக்கும் நல்லவர்களைக் கதையில் வைத்தால் வாசகர் கொட்டாவி விடுவார். அதனால் அவளுக்கு ஒரு பேரனைக் கொடுத்தேன். ஓமெர். ஆகஸ்டில் கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போகிறான். இப்போது அவள் நல்லவள் இல்லை, அவசரக்காரி. அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் தூக்க வேண்டிய தேவை கொஞ்சமாவது குறைய வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள். ஒரு கையெழுத்தில் ஆகஸ்ட் நின்றுவிடாது என்று அவளுக்குத் தெரியும். கணக்கை மட்டும் விடவில்லை.

மகன் எயால் போனில் கத்தினான். காசாவை விட்டோமே, என்னம்மா கிடைத்தது என்றான்.

“அப்ப யாரையும் கேக்காம விட்டோம். இப்ப கேட்டுக் குடுக்கப் போறேன்” என்றாள் மார்செல்.

இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் இது அவள் தலையிலேயே விழும்.

3

எதிர்ப்பக்கக் கையெழுத்துக்காரர் ஃபாயிக் தாஹிர். கஃபர் லவ்ஸில் மருந்துக்கடை, ஊர்க்குழுவில் உறுப்பினர், மைக் கிடைத்தால் திருப்பிக் கொடுக்க மாட்டார் என்று ஊரில் பெயர். மூத்த மகன் வதீ. அதனால் அவரை ‘அபூ வதீ’ என்பார்கள், வதீயின் அப்பா.

சாதாரணமாக அவரால் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வர முடியாது. கையெழுத்தையும் கைகுலுக்கலையும் படம் பிடிக்க வேண்டுமே என்று நிறுவனம் அவருக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தது. அன்று மாலை ஏழுக்குள் ராணுவச் சோதனைச் சாவடி தாண்டித் திரும்பிவிட வேண்டும். ஃபெல்ட் பிற்பகலில் வருவதாக ஏற்பாடு. ஃபாயிக் காலையிலேயே வந்து நின்றார், கோட்டும் டையுமாக, கையில் ஒரு பை பச்சை பாதாம் காயோடு.

மார்செல் பாக்தாதில் யூதக் குடும்பத்தில் பிறந்து ஏழு வயதில் இஸ்ரேலுக்கு வந்தவள். அரபியில் வரவேற்றாள். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, “உங்க அரபி எங்க தாத்தா காலத்துத் துணி வியாபாரி பேசுற மாதிரி இருக்கு, உம் எயால்” என்றார். எயாலின் அம்மா என்று அர்த்தம்.

“உங்களோடது எட்டு மணி செய்தி மாதிரி இருக்கு” என்றாள்.

(மார்செலை ‘அவள்’ என்றும் ஃபாயிக்கை ‘அவர்’ என்றும் எழுதி வந்திருக்கிறேன். சமத்துவம் பேசும் கதையில் இது அழகா என்று கேட்பீர்கள். இருவரையும் ‘அவர்’ என்றால் யார் எதைச் சொன்னார் என்று உங்களுக்குக் குழம்பும். இந்தக் கதையின் முதல் விட்டுக்கொடுப்பு மார்செலுடையது. அவளைக் கேட்கவில்லை.)

ஏலக்காய் போட்டுக் கருங்காபி கொண்டுவந்து வைத்தாள். ஃபாயிக் கோப்பையை எடுத்தார், உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மேசையில் தனக்கு எதிரே வைத்தார், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் இது. வேண்டுதலோடு வந்த விருந்தாளி காபியைக் குடிக்க மாட்டார். கேட்பார். வீட்டுக்காரர் ‘குடிங்க’ என்றால் கேட்டது கிடைத்ததாக அர்த்தம். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. சொல்லாவிட்டால் விருந்தாளி எழுந்து போவார், நிறைந்த கோப்பை மேசையிலேயே இருக்கும். பொழுது சாய்வதற்குள் அந்தக் கோப்பை ஊர் முழுக்கப் போய்விடும்.

முதல் வரைவில் மார்செலுக்கு இது தெரியாது. உபசாரமாக, “ஆறிப்போகுது, குடிங்க” என்றாள். ஃபாயிக் கண்கலங்கிக் குடித்தார். நானும் கொஞ்சம் கலங்கினேன். மறுநாள் படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். தப்பாகப் புரிந்துகொண்டதால் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் அந்த நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.

ஆகவே அவளுக்குத் தெரியும். பாக்தாதில் அத்தையைப் பெண் கேட்டு வந்தவர்கள் இப்படித்தான் கோப்பையை வைத்தார்கள். ‘குடிங்க’ என்ற சொல் பழக்கத்தில் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

“என்ன வேணும்னு கேளுங்க, அபூ வதீ.”

“நீங்க கையெழுத்துப் போடக் கூடாது.”

4

மகனுக்கு வேலை, யாருக்காவது ஆஸ்பத்திரி அனுமதி, எதையாவது கேட்பார் என்று நினைத்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. (நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் வாயில் வேறு வசனம் எழுதி வைத்திருந்தேன்.)

ஃபாயிக் விளக்கினார், மேடைப் பேச்சுக் குரலில்தான் ஆரம்பித்தார், போகப் போகக் குரல் இறங்கியது. அந்தக் குன்றில் குடியேற்றம் மட்டும் இல்லை. அதன் அடிவாரத்தில் கஃபர் லவ்ஸுக்கு இருக்கும் ஒரே கிணறும் இருக்கிறது. இப்போது வேலி போட்டிருக்கும் குடியேற்றக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டாவது தண்ணீர் எடுக்கிறார்கள். குன்று வேறு நாடாகிவிட்டால் சண்டை போடவும் பாஸ்போர்ட் வேண்டும். ஃபெல்டின் வரைபடத்தில் கிணறு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். கோட்டின் மைக்கு அடியில் இருந்தது.

“அதுக்குப் பதிலாத்தான் இந்தத் தோப்பு” என்றாள் மார்செல்.

“இந்தத் தோப்பு நாப்பத்தெட்டுல இஸ்ரேல் வர்ற வரைக்கும் எங்க தாத்தா நிலம். என் நிலத்தை எனக்குக் குடுக்குறீங்க, என் கிணத்தை எடுத்துக்குறீங்க. ரெண்டுமே என்னோடது. இதுல நீங்க குடுக்குறது எங்க இருக்கு, உம் எயால்?”

சாஸோன் வைத்த மரங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றன. அவற்றை அவள் காட்டவில்லை. பாக்தாதில் தங்களுக்கும் ஒரு வீடு இருந்தது, அது எந்த விகிதத்திலும் வரவில்லை என்றாள். அந்த வீட்டை எடுத்தது நான் இல்லையே என்றார் ஃபாயிக். அது தனக்குத் தெரியும், வீடு போவது எப்படி இருக்கும் என்று தெரியாதவளிடம் பேசுவது மாதிரி மட்டும் பேச வேண்டாம் என்றாள்.

மார்செல் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு வேண்டாம்னா நீங்களே மாட்டேன்னு சொல்லலாமே. உங்க கையெழுத்தும் வேணுமே.”

“நான் மாட்டேன்னா நாளைக்குப் பேப்பர்ல ‘அவங்க மறுபடியும் மறுத்துட்டாங்க’ன்னு வரும். நீங்க மாட்டேன்னா ‘சிறு சிக்கல்’னு வரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

“நான் மாட்டேன்னா என்ன வரும் தெரியுமா? என் கேட்டுல எழுதினவன் கேக் வாங்கிட்டு வருவான்.”

பிறகு ஓமெரைப் பற்றிச் சொன்னாள். எந்தச் சாவடியில் நிற்கப்போகிறான் என்று தெரியாது. கஃபர் லவ்ஸ் சாவடியாகக்கூட இருக்கலாம்.

“அப்படின்னா பேரன்கிட்ட சொல்லி வைங்க” என்றார் ஃபாயிக், “டை கட்டின மருந்துக்கடைக்காரனை வெயில்ல நிக்க வைக்காதேன்னு.” சொல்லிவிட்டு டையைச் சரிசெய்தார். “எங்க வதீ போன வருஷம் அந்த வரிசையிலதான் பரீட்சையைத் தவற விட்டான். இந்த வருஷம் எழுதவே மாட்டேங்குறான். வீட்டுல உக்காந்து செவுத்தைப் பாக்குறான். எனக்கும் அவசரம்தான், உம் எயால். ஆனா தண்ணி இல்லாத அமைதியை அவனுக்கு நான் எப்படி எழுதி வைக்கிறது?”

காபியில் ஆடை படியத் தொடங்கியது.

[கருங்காபியில் ஆடை படியாது. தமிழ்க் கைக்கு வரும் பழக்கம். அடித்துவிடுகிறேன்.]

காபி ஆறத் தொடங்கியது.

5

டாக்டர் ஃபெல்ட் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பெரிய வரைபடக் குழாய் ஒன்று, புகைப்படக்காரப் பெண், ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியில் செக்கச்சிவந்த மண். இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் கொடுப்பது போல் படம். தோப்பு மண் பழுப்பாக இருக்கிறது, படத்தில் எடுபடாது என்று வழியில் செடி விற்கும் ஒரு நாற்றங்காலில் நின்று வாங்கி வந்திருந்தார்.

இருவரும் ஏற்கெனவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். ‘நம்பிக்கைக் கட்டுமானம்’ என்று ஒரு சொற்றொடரைச் சொன்னார். பயணக் களைப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு காபி. வாழ்நாள் முழுக்க அவர் போன இடங்களில் மேசை மேல் வைத்திருந்தது பெரும்பாலும் அவருக்காகத்தான் இருந்திருக்கிறது. எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

“ஏலக்காய் பிரமாதம்” என்றார். “கொஞ்சம் ஆறிட்டுது.”

ஃபாயிக் மார்செலைப் பார்த்தார். மார்செல் ஃபாயிக்கைப் பார்த்தாள். ஒரு கிராமத்தின் வேண்டுதல் டெல் அவிவ் நிபுணரின் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. முதலில் சிரித்தது மார்செல். ஃபாயிக் டையால் வாயைப் பொத்தினார், முடியவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஃபெல்ட் ஜாடியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

[இங்கேயே முடித்திருக்கலாம். சிரிப்பில் முடிகிற அமைதிக் கதைக்கு நல்ல கிராக்கி. ஆனால் சிரித்தால் கிணறு நகராது.]

சிரித்து முடித்ததும் மார்செல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபெல்டிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டாள். அது நான்காவது இணைப்பில் வரும் என்றார் அவர். நான்காவது இணைப்பு எங்கே என்றாள். இன்னும் எழுதவில்லை என்றார். கோட்டைக் கிணற்றுக்கு மேலே தள்ளிப் போடலாமே என்றாள். ஒரு இடத்தில் நகர்த்தினால் விகிதம் மாறும், விகிதம் மாறினால் மற்ற எல்லா இடத்திலும் மாறும், இத்தனை வருட உழைப்பு என்று ஃபெல்ட் குழாயை அணைத்துக்கொண்டார்.

மார்செல் அடுக்களைக்குள் போனாள்.

6

திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு கோப்பை இருந்தது. ஒன்றை ஃபாயிக்கின் முன்னால் வைத்தாள். இன்னொன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

ஃபாயிக்கின் முகம் மாறியது. “நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?”

“நானும் ஒண்ணு கேக்கணும்.”

“சொந்த வீட்டுலயா?”

“இது உங்க தாத்தா நிலம்னு இப்பதானே சொன்னீங்க? அப்ப நான்தான் விருந்தாளி. விருந்தாளி கேக்கலாம்ல?”

மைக் கிடைத்தால் விடாத மனிதர் டையின் முடிச்சைத் தளர்த்தினார். தன் தாத்தாவின் நிலம் என்ற பேச்சில் அவர் உறுதியாக இருந்தார். இப்போது அந்த உறுதியே அவரை வீட்டுக்காரராக உட்கார வைத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஒரு கடமை உண்டு.

“கேளுங்க” என்றார்.

“மாட்டேன்னு சொல்லச் சொல்லாதீங்க. இன்னும் கேளுங்க. கிணத்தைக் கேளுங்க. இவர் கோட்டை நகர்த்துற வரைக்கும் என்கூட இங்கயே உக்காருங்க. நகர்ந்ததும் ரெண்டு பேரும் போடுவோம். அதுவரைக்கும் நானும் போடல, நீங்களும் மறுக்கல.”

“நகரலைன்னா?”

“உக்காந்துருப்போம்.”

“என் சீட்டு ஏழு வரைக்கும்தான்.”

“அப்ப சீக்கிரம் ஆரம்பிங்க.”

ஃபாயிக் தன் கோப்பையைப் பார்த்தார். அவள் ‘குடிங்க’ என்றால் தன் கிணறு பிழைக்கும், அவள் வாசலுக்குக் கேக் வரும், எல்லாம் இருந்தபடி இருக்கும். அந்தச் சாவடியும், சுவரைப் பார்க்கும் வதீயும் உட்பட. பிறகு அவள் கோப்பையைப் பார்த்தார். தான் ‘குடிங்க’ என்றால், மறுக்கும் உரிமை ஒன்றுதான் இதுவரை யாரும் தன்னிடமிருந்து எடுக்காதது, அதையும் இந்த மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கோடு நகருமா என்பது இந்தப் பெண்ணின் பிடிவாதத்தைப் பொறுத்தது. அவள் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று வரும்போதே வாயிற்கதவில் பார்த்திருந்தார். திட்டையே திருத்திக் கொடுக்கிறவள்.

புகைப்படக்காரப் பெண் விளக்கை மாட்டி முடித்து உள்ளே வந்தாள். காட்சி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஜாடி வேண்டாம், இரண்டு பேரும் கோப்பையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் போதும் என்றாள். இருவரும் அசையவில்லை.

“காபி சரியில்லையா?” என்று ஃபெல்ட் பக்கத்திலிருந்த கோப்பைக்குக் கை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில். அந்த வசந்தத்தில் இரு தரப்பும் சேர்ந்து வெளியிட்ட ஒரே கூட்டறிக்கை அதுதான்.

ஃபெல்ட் கையை இழுத்துக்கொண்டார். வேறு செய்ய ஒன்றுமில்லாததால் குழாயைத் திறந்து வரைபடத்தை மேசையில் விரித்தார். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் நாற்றங்கால் மண் ஜாடியை வைத்தார். சட்டைப் பையில் அழிப்பான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

7

அழிப்பான் இருந்ததா என்று புகைப்படக்காரப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மூன்று முடிவு வந்தது. கோடு நகர்கிறது, இரண்டு பேரும் குடிக்கிறார்கள். இதை எழுதினால் மார்செலே சிவப்பு மையால் திருத்துவாள். ஏழு மணியாகிறது, ஃபாயிக் எழுந்து போகிறார், இரண்டு நிறைந்த கோப்பை. இதை எழுதினால் உலக அனுபவம் உள்ளவன் என்று எனக்குப் பெயர் வரும், அதனாலேயே நம்பவில்லை. மூன்றாவதை எழுதிப் பாதியில் விட்டேன்.

அதற்குப் பிந்தைய வருடங்களில் அந்த நாட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த மேசையில் இருக்கும் இருவருக்கும் தெரியாது. நான் போய்ச் சொல்லப்போவதில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்கும் ஆட்களாக அவர்கள் எனக்குத் தெரியவில்லை.

கட்டுரைத் தலைப்பில் போட்ட கேள்விக்கு நான் கண்டது இவ்வளவுதான்: நிலம் பிறகு. முதலில் ஒரு சொல்லை விட வேண்டும், எதிரே இருப்பவர் அதை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். யாராவது முதலில். ‘குடிங்க’ என்ற அந்தச் சொல் உங்களுக்கொன்றும் கஷ்டமில்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் உங்கள் வாயிலிருந்து வந்துவிடும். அதனால்தான் இதை உங்களிடம் விடுகிறேன், கொடுக்கவும் செய்கிறேன்.

நம் மொழியில் சொல்லின் தலையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தருவதா மறுப்பதா, நானா நீங்களா, எல்லாம் வாலில்தான் இருக்கிறது. நான் தலையை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. ஃபெல்ட் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பேசுவார்களா என்று பார்த்தார். மார்செல் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் ஃபாயிக்கும் திறந்தார். ஒரு குரல் முந்திக்கொண்டது:

“குடி